பௌர்ணமிப் பலகை

ஏழு வீட்டுக்காரர்களே! ஏழு வீட்டுக்காரர்கள் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இப்போது ஒரு கை விரலுக்குள் அடங்குகிறவர்கள்தான் இருக்கிறோம். மூட்டு வலி, சர்க்கரை, காது மந்தம் எல்லாவற்றோடும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

கோயில் கும்பாபிஷேக மலருக்கு நம் வரலாற்றை எழுதுகிற தம்பி மூன்று முறை என் வீட்டுக்கு வந்துவிட்டான். என் சித்தப்பா மகன், தலை நரைத்த தம்பி. "அக்கா, நீங்க ஒரு வாட்டி படிச்சுப் பாருங்கலா, தப்பு இருந்தா சொல்லுங்க" என்று எழுதியதைக் கையில் கொடுத்தான். நல்ல தமிழ்தான். 'எம் முன்னோர் கடல் கடந்து வந்து' என்று தொடங்கியிருந்தான். கடல் கடந்துதான் வந்தார்கள், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்கள், அதையும் சேர்த்துக்கொள் என்றேன். சிரித்தான்.

இரண்டாம் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. 'ஒரு வருடம் தீட்டுப் பட்டுக் கொடிக்கால் கருகியது. பின்னர் அம்மன் அருளால் மீண்டும் தழைத்தது' என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸில் இன்றைக்குத் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நிற்கிற இடம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில்தான் நம் ஏழு வீடும் இருந்தன. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர். வீடுகளுக்கு முன்னால் கொடிக்கால். அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும், வரிசைக்கு நடுவில் வாய்க்கால். உள்ளே போனால் மத்தியானத்திலும் குளுகுளுவென்று இருக்கும். ஈர மண்ணும் பச்சை வெற்றிலையும் மீன் உரமும் கலந்த ஒரு வாடை. மீன் உரத்தை நினைத்து மூக்கைப் பிடிக்காதீர்கள், அதில்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். கிள்ளிய வெற்றிலையை வாழை இலையில் கட்டி, மாட்டு வண்டியில் ஜார்ஜ் டவுனுக்கு, கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்கு அனுப்புவார்கள்.

நம் பெரியவர்கள் காவிரிக் கரையில் உள்ளே தள்ளி இருந்த ஓர் ஊர்க்காரர்கள். கப்பல் ஏறுகிற அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவர்கள். இங்கே வந்து நம் ஆற்றைப் பார்த்து, இதுக்குப் பேரு ஆறா என்று சிரித்தார்களாம். காவிரி ஒரே பக்கமாகத்தான் ஓடும். இந்த ஆறு இரண்டு பக்கமும் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் வருகிற வாயில் ஒரு கனத்த மரப்பலகை உண்டு. மேலே தூக்கினால் தண்ணீர் வரும், இறக்கினால் நிற்கும். நிலம் ஒரு மலாய்க்காரப் பெரியவருடையது. மலாயில் தாத்தாவுக்குத் தோக், எல்லாரும் அவரை அப்படியே கூப்பிட்டோம். குத்தகைக்கு விட்ட அன்று தோக் அப்பாவிடம் ஒரு பேச்சுச் சொன்னாராம்: முழு நிலாவுக்கும் நிலா இல்லாத நாளுக்கும் பலகையை இறக்கிவிடு, மூன்று நாள் தூக்காதே. அப்போது அப்பாவுக்குத் தெரிந்த மலாய் பத்து வார்த்தை. ஏன் என்று கேட்க அந்தப் பத்தில் இடமில்லை. கேட்கவும் தோன்றவில்லை. பௌர்ணமி, அமாவாசை என்று காதில் விழுந்துவிட்டால் நம் ஆட்கள் காரணமா கேட்பார்கள்? அவங்க சாமிக்கும் இப்படி ஒரு நோன்பு இருக்கும்போல என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் அது நம் நோன்பாகிவிட்டது. பௌர்ணமி காலையில் அப்பா குளித்து, பலகையை இறக்கி, அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். சில்லில் குலா மலாக்காவைத் துருவிப் போட்டு நமக்குக் கொடுப்பார். அந்தப் பனைவெல்லத்தின் புகை வாசம் இப்போதும் என் நாக்கில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், இல்லை என்று பொய் சொல்லாதீர்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், தை மாதக் கப்பலில் சித்தி வந்தாள். சித்தப்பா ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்த பெண். பதினெட்டு வயது இருக்கும். எல்லாவற்றுக்கும் பயம். உடும்பைப் பார்த்து முதலை என்று கத்தினாள். டுரியான் வாசத்தில் இரண்டு நாள் மூக்கில் முந்தானையோடு திரிந்தாள். பசாருக்குப் போனால் நான்தான் அவளுக்கு மலாய் பேச வேண்டும். ஒன்பது வயதில் ஒரு பெரிய மனுஷிக்கு வாயாக இருப்பது எவ்வளவு கர்வம் தெரியுமா! அவள் என்னைப் பாப்பா என்பாள். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கடித்திருப்பேன்.

அவளிடம் ஒரு குங்குமச் சிமிழ் இருந்தது. மாங்காய் வடிவத்தில் மரத்தில் கடைந்தது, மேலே சிவப்பும் மஞ்சளும் அரக்கு பூசியது. அவள் அம்மா கப்பலேறும்போது கையில் வைத்து மூடிக்கொடுத்ததாம். மூடியைத் திருகினால் 'கிரீச்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வெள்ளிக்கிழமை மட்டும் அதைத் திறக்க என்னை விடுவாள். மோதிர விரலால் எடுத்து எனக்கு வைத்துவிட்டுத்தான் தனக்கு வைத்துக்கொள்வாள்.

ஒரு பௌர்ணமி அன்று சித்திக்கு வீட்டுக்குத் தூரம். அந்த மூன்று நாளும் பெண்கள் பின்பக்கத்து ஓலைச் சாய்ப்பில்தான் இருக்க வேண்டும். கொடிக்காலுக்குள் கால் வைத்தால் வெற்றிலை கருகிவிடும் என்பது நம் ஆட்கள் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சட்டம். சிமிழ் உள்ளறையில் கேட்பாரில்லாமல் கிடந்தது. அம்மா சமையலில் இருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் விட்டேன். அது கப்பல். அதற்குள் சித்தி நாகப்பட்டினத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் ஆறு வற்றிக் கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ஆற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. சிமிழ் மிதந்து போய்ப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கையை விட்டேன், எட்டவில்லை. பலகையைப் பிடித்து முக்கி முனகித் தூக்கினேன். தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வெளியே போனது. சிமிழும் போனது, அதன் பின்னால் நானும் போனேன்.

ஆற்றுச் சேறு உங்களுக்குத் தெரியும். காலை உதற உதற உள்ளே இழுக்கும். இடுப்பு வரை இறங்கிவிட்டேன், தண்ணீர் கழுத்தில் இருந்தது. கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. என் தலைமயிரை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. சித்தி. சாய்ப்பிலிருந்து பார்த்துவிட்டுச் சுற்றி வர நேரமில்லாமல் கொடிக்காலுக்குள் புகுந்து நேராக ஓடி வந்திருக்கிறாள். உடும்புக்கு அலறுகிறவள், கரையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னை வெளியே இழுத்துப் போட்டாள்.

இருவரும் கரையில் கிடந்து மூச்சு வாங்கினோம். "எதுக்குடி அங்க போன?" என்றாள். சொன்னேன். முகம் ஒரு கணம் சுருங்கியது. அப்புறம், "போனா போகுது. நீ இருக்கல்ல" என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி. கொன்னுடுவாரு."

"சொல்லமாட்டேன் பாப்பா. என் தலைமேல சத்தியம். போய்த் தலையைத் துவட்டு."

பலகையைப் பற்றி நான் அப்புறம் நினைக்கவே இல்லை. வந்து நாலு மாதமே ஆன அவளுக்கு அந்தப் பலகை எதற்கு என்றே தெரியாது. மறுநாள் காலையில் அப்பா போய்ப் பார்த்தபோது பலகை சேற்றில் விழுந்து கிடந்தது. ஆற்று வேகத்தில் கழன்றுவிட்டது என்று எடுத்து மாட்டி, இன்னொரு சூடம் கொளுத்திவிட்டு வந்தார்.

நாலாம் நாள் வெற்றிலை ஓரம் பழுப்பானது. ஒரு வாரத்தில் கறுத்துச் சுருண்டது. வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. அதைப் பார்த்த பெரியவர்கள், அம்மன் சாம்பலை வீசிவிட்டாள் என்றார்கள். அப்பா வாய்க்காலில் குடம் குடமாக மஞ்சள் கரைத்து ஊற்றி, அந்தத் தண்ணீரையே காலையும் மாலையும் கொடிக்கு இறைக்கச் சொன்னார். தீட்டுக் கழியட்டும் என்று பலகையைத் தூக்காமலே ஏழு வீட்டு ஆண்களும் இடுப்பு ஒடிய இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கருகியது. பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர், "என்னண்ணே, வெத்தல இப்படிச் செத்துக் கெடக்கு, இத எப்படி யாவாரம் பண்றது?" என்று கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏழு வீட்டிலும் கஞ்சி தண்ணியானது.

அப்போதுதான் கடைசி வீட்டு அத்தை வாயைத் திறந்தாள். பௌர்ணமி அன்று சித்தி ஈரப் புடவையோடு கொடிக்காலுக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்தாளாம். நான் முன்னாலேயே ஓடி வந்துவிட்டதால் அவள் கண்ணில் படவில்லை.

வெற்றிலை கட்டுகிற கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா தூணில் சாய்ந்து காலையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

"உள்ள போனியாம்மா?" என்றார் அப்பா.

"போனேன் மாமா."

"எதுக்கு?"

சித்தி என்னைப் பார்க்கவில்லை. "சிமிழு காணாமப் போச்சு. தேடிப் போனேன்" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாதவளுக்கு அந்தப் பொய்தான் கிடைத்தது. அது அவளை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டது. "ஒரு குங்குமச் சிமிழுக்காகவா ஏழு வீட்டுப் பொழப்ப எரிச்ச?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். என் அம்மாகூட ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. பலகைக்குப் பூஜை போட்ட அன்றே அதைத் தூக்கியவள் நான். அம்மன் கோபம் என் மேல்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். வாய் வரவில்லை.

ஊருக்கு அனுப்புவது என்று முடிவானது. கொடிக்கால் தழைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றார் அப்பா. சித்தப்பா தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டுகிறவர். சித்தி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிற்பாடு சுலபமாக இருந்திருக்கும்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தோக் வந்தார். எப்போதும்போல நாலு வெற்றிலை கிள்ளிக்கொண்டு போக வந்தவர், கொடிக்காலைப் பார்த்துத் திகைத்து நின்றார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அவரோடு உள்ளே போனார். அதற்குள் அப்பாவும் நன்றாக மலாய் பேசுவார், இருந்தாலும் தோக்குக்குப் பல் விழுந்துவிட்டதால் அவர் பேச்சு எனக்குத்தான் புரியும். தோக் வாய்க்கால் ஓரத்தில் குந்தி, வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். "மாசின்" என்றார். கொஞ்சம் எடுத்து என் நாக்கிலும் வைத்தார்.

உப்பு. சாதாரண உப்பு.

"பலகையை இறக்கலையா?" என்று கேட்டார். இறக்கினேன், காலையில் விழுந்து கிடந்தது என்றார் அப்பா. தோக் தலையைப் பிடித்துக்கொண்டார். முழு நிலாவுக்கும் நிலா இல்லாத நாளுக்கும் கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறி வரும், இதுவரைக்கும் வரும், அதற்குத்தானே பலகை, உன்னிடம் அன்றைக்கே சொன்னேனே என்றார். இந்தத் தண்ணீரை இனி இறைக்காதே, பலகையைத் தூக்கி வடியவிடு, நாலு நல்ல மழை பெய்தால் கொடி பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் ஒவ்வொன்றாக அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அப்பா திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் சூடம் காட்டியது எதற்கு என்று புரிந்துவிட்டது. சித்தியின் காலடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதும் புரிந்துவிட்டது. அவர் வாய் திறந்தபோது, போய்ச் சித்தியைக் கூப்பிடு என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"தோக் சொன்னத யார்கிட்டயும் சொல்லாத" என்றார். "ஏழு வீட்டுக்கும் முன்னால ஒரு பேச்சுப் பேசியாச்சு."

என் அப்பா கெட்டவர் இல்லை. உங்களில் பாதிப் பேரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஏழு வீடும் அவர் வார்த்தையில் நின்றது, அந்த வார்த்தை சாய்ந்தால் எல்லாம் சாய்ந்துவிடும் என்று பயந்திருப்பார். அவரைக்கூட நான் மன்னித்துவிட்டேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பலகையைத் தூக்கியது யார் என்று இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று, அந்த உப்பு நாக்கில் இருக்கும்போதே, சந்தோஷப்பட்டேன்.

சித்தியை வெற்றிலை வண்டியிலேயே ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அழுது ஆகாத்தியம் பண்ணி நானும் ஏறிக்கொண்டேன். படகுத்துறையில் ஒரே கூட்டம். கூலிகளின் கூச்சல், கருவாட்டு நாற்றம், காபிக்கொட்டை வறுக்கிற வாசம். சித்தப்பா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். சித்தி என் பக்கத்தில் குந்தி, என் பாவாடை நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். நெற்றியைப் பார்த்தாள். வைக்கக் குங்குமம் இல்லை. கட்டைவிரலால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டாள்.

"தண்ணிப் பக்கம் போகாத பாப்பா" என்றாள். "இனிமே நான் இருக்கமாட்டேன்."

அவ்வளவுதான். படகில் ஏறினாள். பெரிய கப்பல் தூரத்தில் நின்றது.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய்க் கொடி துளிர்த்தது. பார்த்தீங்களா, அவ போனா, கொடி வந்துச்சு என்று ஏழு வீடும் பேசிக்கொண்டது. அப்பா பலகைக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பௌர்ணமிக்குச் சூடம் காட்டுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. சித்தியைக் கூட்டிவர அடுத்த தை, அதற்கடுத்த தை என்று தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அவரும் தலையை ஆட்டினார். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், கடிதமும் நின்றுபோனது.

தம்பி, இனி உன்னிடம்தான் பேசுகிறேன். அந்த வேறு பெண்தான் உன் அம்மா. தங்கமானவள். அவள் மேல் எனக்கு எள்ளளவும் குறையில்லை. உன் அம்மாவின் சிவப்பு மாங்காய்ச் சிமிழ் ஞாபகம் இருக்கிறதா? அரக்கு உரிந்துபோய், திருகினால் 'கிரீச்' என்று கத்துமே, அதை வைத்து நீ பம்பரம் விளையாடி அடி வாங்கினாயே? அதை ஆற்றங்கரை நிப்பா மரத் தூரில் கண்டெடுத்துத் தோக்கின் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள், சித்தி கப்பலேறிய பத்தாம் நாள். என் அம்மா அதைக் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டாள். உன் அம்மா வந்த அன்று எடுத்துக் கொடுத்தாள். யாருடையது என்று உன் அம்மா கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் நீ பிறந்திருக்கமாட்டாய். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் வருகிறது, குற்றமும் வருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் உனக்கு இத்தனை வருஷம் தீபாவளிக்குப் பலகாரம் செய்து அனுப்பினேன்.

ஆகவே அந்த வரியை அடித்துவிடு. அங்கே இப்படி எழுது: ஒரு பௌர்ணமியன்று கடல் தண்ணீர் ஏறிக் கொடிக்கால் கருகியது. பலகையைத் தூக்கியது நான்.

ஏழு வீட்டுப் பெண்களின் பட்டியலை மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறாய். அதில் அவளையும் சேர்க்க வேண்டும். பெயர் என்ன என்று நீ கேட்பாய். இந்த ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா அவளை 'சின்னவளே' என்பாள். அப்பா 'வாம்மா, போம்மா' என்பார். சித்தப்பா 'இந்தா' என்பார். நான் சித்தி என்றேன். அவள் பெயரை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு உடனே ஒரு போன் போடுங்கள்.

இல்லாவிட்டால், தம்பி, அந்த இடத்தைக் காலியாக விடு. பட்டியலில் ஒரு வரி அளவுக்கு.